காய்ச்ச வேண்டாம் என்றேன்

லூர்து சமையலறைத் தரையில், கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணி இருக்கும். விடிந்ததிலிருந்து ஆறு தடவை கழிவறைக்குப் போய் வந்துவிட்டாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு இளைத்துவிட்டாள்.

நான் ஜன்னலோரம் நின்று ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர். அதில் சோதனை மருந்து ஐந்து சொட்டு விட்டிருந்தேன். தண்ணீர் நல்ல மஞ்சளாக மாறியிருந்தது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

“இன்னாங்க, இன்னிக்கு ஒரு நாளு காய்ச்சிடட்டுமா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? மஞ்சள் எப்படி வந்துருக்குது பாரு. இதுல ஒரு பூச்சி உசுரோட இருக்குமா?”

அவள் குழாயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மாத்திரை போடும் நேரம் ஆகிவிட்டது. நானே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். பிளீச்சிங் வாடை தாங்காமல் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுவதையும் குடித்தாள்.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி, “சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. லூர்து அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டுக் கார்டு போட்டிருக்கிறார். அந்தக் கார்டு மூன்று நாளாக மேசை மேல் கிடக்கிறது. இந்த வாரம் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை ஓடவில்லை.

மஞ்சள் வந்துச்சா?

என் வேலை என்னவென்று முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு தடவை. ஊருக்குத் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டி ஒன்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்துவிடும் ஆளாக இருந்தவன் நான். மூட்டையைப் பிரித்து, வாளியில் குழைத்து, தெளிந்த நீரைத் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி குழாய் வைக்க வேண்டும். இருபது வருடம் அதைத்தான் செய்தேன்.

மூட்டை வாயைப் பிரிக்கும்போது எழும் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வோம். எங்கள் சட்டைகளில் எல்லாம் நிறம் போய் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கும். கொடியில் காயும் துணிகளில் என் சட்டை எது என்று தெருவே அடையாளம் சொல்லும்.

பவுடர் போட்டால் மட்டும் போதாது. தொட்டியிலிருந்து கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் வீட்டுக் குழாயில் போய்ப் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் மஞ்சள் வந்தால் நடுவில் உள்ள அத்தனை வீடும் பத்திரம். இதுதான் எங்கள் சாஸ்திரம். காலையில் வேலை மாறும்போது நாங்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை.

“மஞ்சள் வந்துச்சா?”

“வந்துச்சு.”

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

வகுப்பெல்லாம் வைத்தார்கள். குளோரின் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் படம் போட்டுக் காட்டினார். காலரா, டைபாய்டு கிருமிகள் குளோரினில் உடனே செத்துவிடும் என்றது நினைவிருக்கிறது. சில ஒட்டுண்ணிகளைப் பற்றியும் சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் வெளியே வடை தின்னப் போயிருப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டேன்.

ரெனே முசேவின் இரண்டு சொட்டு

எங்கள் தெருக்கோடியில் ரெனே முசே என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. காலர் வைத்த சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் ஒரு நாய்ச் சங்கிலி. நாய் செத்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. சங்கிலியை மட்டும் விடவில்லை.

அவர் வீட்டில் துணி வெளுக்க ஒரு திரவம் இருக்கும். அதை ‘ழவேல்’ என்பார். எங்கள் பிளீச்சிங் பவுடருக்குப் பிரெஞ்சுக்காரச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே குடிக்கிற தண்ணீரிலும் இரண்டு சொட்டு விடுவார். இந்தோசீனாவில் சகதித் தண்ணீரை அப்படித்தான் குடித்தார்களாம்.

“உன் மூட்டைய நீயே வெச்சுக்கோ சவரி. எனக்கு ரெண்டு சொட்டு ழவேல் போதும். வுவாலா, அவ்வளவுதான்!” என்பார்.

“முசே, நான் போடுறதும் அதேதான். நீங்க ரெண்டாந்தரம் போட்டா வயிறு வெளுத்துடும்.”

“வெளுக்கட்டும். நான் கறுப்புன்னு என் மாமியாருக்கு ரொம்ப நாளா கொறை.”

தொண்ணூறை நெருங்கும் வரை அந்த மனிதர் ஒரு பேதியும் இல்லாமல் இருந்தார். நான் அதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கையில் ஒரு ரெனே முசே இருந்தால் போதும், எதையும் நிரூபித்துவிட்டதாக மனம் நம்பிவிடும். என் மனம் நம்பியது.

வைத்திக்குப்பத்தில் குடித்த சொம்பு

என் தலைக்கனத்துக்கு ரெனே முசேவை மட்டும் குறை சொல்ல முடியாது. கடல் ஊருக்குள் வந்து போன அந்த வருடக் கடைசி அதற்கு இன்னும் பெரிய காரணம்.

வைத்திக்குப்பத்து மீனவ ஜனங்களை ஒரு மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். வாசலில் இரண்டு கறுப்புத் தொட்டிகள். லாரித் தண்ணீர். அதில் பிளீச்சிங் கலக்க என்னை அனுப்பினார்கள். படகும் வலையும் வீடும் போய், சிலருக்கு வீட்டு ஆட்களும் போய், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் என் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள்.

“ஆஸ்பத்திரித் தரைய தொடைக்கிற நாத்தம் அடிக்குது. இத மனுசன் குடிப்பானா?” என்றார் ஒரு மீன்கார அம்மா. “நீ குடி மொதல்ல, பாப்போம்.”

நான் அவர் சொம்பையே வாங்கி, தொட்டியில் பிடித்து, நிறுத்தாமல் குடித்தேன். ஒரு சொம்பு முழுவதும். காலியான சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தும் காட்டினேன். அந்த மண்டபத்தில் அன்று முதன்முறையாக யாரோ சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர்கள் முன்னால் ஒரு சொம்பு குடிப்பது என் வேலையாகிவிட்டது. வரிசையில் நிற்கும் பெண்கள், “பிளீச்சிங் சவரி வந்துட்டாரு, குடிச்சுட்டாரு, இனிமே புடிக்கலாம்” என்பார்கள். அத்தனை நெருக்கடியில், அத்தனை ஈயில், அந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் காலரா வரவில்லை. அந்தப் பெருமை எனக்கு நியாயமாக வந்த பெருமைதான். இன்றைக்கும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் நாசமாய்ப் போனது.

கிளாரா அக்கா கொடுத்தது

லூர்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று தெரிந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஊசியைக் குத்தி ரத்தத்தைக் கழுவினார்கள். நான் கொடுக்கலாம் என்றால் ரத்தம் பொருந்தவில்லை.

அவளுடைய அக்கா கிளாரா கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். தாயில்லாமல் போன தங்கையைத் தூக்கி வளர்த்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் பேசி முடிப்பதற்குள், “எப்ப வந்து படுக்கணும்?” என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது அக்காதான் முதலில் வாய் திறந்தார். “நல்லா பாத்துக்கடி. நாப்பத்தஞ்சு வருசம் ஓடுன வண்டி. வாரண்டி கெடையாது.”

லூர்து அந்தச் சிறுநீரகத்துக்குக் கிளாரா என்றே பேர் வைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும், “கிளாரா இன்னிக்கு நல்லா வேலை செய்யுது” என்பாள். நான் சிரிப்பேன். அவள் கன்னத்தில் மறுபடி சதை பிடித்தது. சர்ச் பாடல் குழுவுக்குத் திரும்பப் போனாள். வாழ்க்கை திரும்பிவிட்டது என்றே நம்பினோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். அடுத்தவர் உடம்பிலிருந்து வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் போட வேண்டும். அதனால் சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து. பச்சைக் காய் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. லூர்து அதை மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்து, எழுத்துப் பிசகாமல் நடந்தாள். தினமும் காலையில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்.

தண்டபாணி சிரித்தான்

சில மாதம் கழித்து என்னோடு வேலை செய்யும் தண்டபாணி வீட்டுக்கு வந்தான். வால்வு திறந்து மூடுகிறவன். பக்கத்துக் கிராமத்தில் நிலம், மாடு எல்லாம் உண்டு. லூர்துவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தான். நல்லவன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

லூர்து அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னா அண்ணே, தண்ணி காய்ச்சியா குடிக்கிறீங்க? ஊருக்கே மருந்து போடுறவரு வூட்லயே நம்பிக்கை இல்லன்னா, ஊருசனம் எப்படி நம்பும்?” என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் தொட்டியடியில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என் முன்னால் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். வைத்திக்குப்பத்தில் நான் செய்தது போலவே.

சொன்னால் வெட்கக்கேடு. ஆனாலும் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து, “இனிமே காய்ச்ச வேணாம்” என்றேன்.

“தாள்ல போட்டுருக்குதே?”

“அது தண்ணியப் பத்தி தெரியாதவங்களுக்கு. குழாய்ல வர்ற தண்ணிக்கு மேல நான் தனியா மருந்து போட்டுத் தர்றேன். காய்ச்சுறதவிட அது சுத்தம்.”

லூர்து வாக்குவாதம் செய்யவில்லை. தண்ணீர் விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார் என்று நினைத்துவிட்டாள். என் வேலை மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. ஒரு சின்ன பாட்டிலில் தெளிந்த குளோரின் நீர் கொண்டுவந்து வைத்தேன். குடத்துக்கு இத்தனை சொட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு கண்ணாடிக் குழாயில் பிடித்து மஞ்சள் பார்க்க வேண்டும். அக்கறையாகத்தான் செய்தேன். ஒரு நாள் தவறவில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. முதலில் ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஒரு வாரம் ஆயிற்று. நிற்கவில்லை. தண்ணீராகவே போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குடத்துக்கு விடும் சொட்டை இரண்டு பங்காக்கினேன். அப்புறம் மூன்று பங்கு. தொண்டை எரிகிறது என்றாள். பொறுத்துக்கொள் என்றேன்.

இந்த அத்தியாயத்தின் முதலில் சொன்ன காலை அப்போது வந்ததுதான். அன்று மத்தியானம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள்.

சிவப்புப் புள்ளிகள்

ஆஸ்பத்திரியில் மலத்தைப் பலமுறை சோதித்தார்கள். சாதாரணச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, வேறொரு சாயம் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார்.

“பாக்குறீங்களா சார்?” என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

நீலப் பின்னணியில் சின்னச் சின்னதாகச் சிவப்பு உருண்டைகள். எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. கேழ்வரகைக் கொட்டி வைத்தது போல.

“இது கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி. நமக்கெல்லாம் வந்தா பத்து பதினஞ்சு நாள் பேதி ஆகும், தானா போயிடும். இவங்க எதிர்ப்புச் சக்திய அடக்குற மாத்திரை சாப்பிடுறாங்க இல்ல, அதான் போகமாட்டேங்குது. பெரும்பாலும் தண்ணி மூலமா வரும். வீட்ல தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?”

“குளோரின் போடுறோம் டாக்டர். நல்லாவே போடுறோம். நான் அந்த வேலையிலதான் இருக்கேன்.”

அவர் முகம் மாறியது. கோபம் வந்திருந்தால் தேவலை. பாவம் பார்த்தார்.

“சார், இது கெட்டியா ஓடு போட்ட முட்டை மாதிரி இருக்கும். தண்ணிக்குப் போடுற அளவு குளோரின் இத ஒண்ணுமே பண்ணாது. ஆராய்ச்சி பண்றவங்க இத மத்த கிருமிங்க இல்லாம சுத்தம் பண்றதுக்கே பிளீச்லதான் கழுவுவாங்க. அப்பவும் இது உயிரோடதான் இருக்கும்.”

“அப்ப எதுல சாகும்?”

“கொதிக்க வெச்சா போதும் சார். தளதளன்னு ஒரு நிமிஷம்.”

ஒரு நிமிடம். அந்த நாற்காலியிலிருந்து எப்படி எழுந்து வந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

வீட்டுப் பக்கம் பசுங்கன்று ஏதாவது இருக்கிறதா என்றும் அவர் கேட்டார். கன்றுகளிடமிருந்தும் இது வருமாம். பின்தெருவில் ஒரு மாட்டுக்கொட்டகை உண்டு. கழுவிவிடும் சாணித் தண்ணீர் எங்கள் வீட்டோரச் சாக்கடையில்தான் ஓடும். எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயும் அதே சாக்கடைக்குள்தான் போகிறது. தண்டபாணியைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டிப் பார்த்தேன். குழாய் மூட்டில் துருப்பிடித்துத் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஓட்டை. தண்ணீர் வராத நேரத்தில் குழாய் அந்தச் சாக்கடையை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தண்டபாணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தான் சிரித்த அந்த நாளைச் சொல்லிச் சொல்லி அழுதான்.

அக்காவிடம் சொல்லாதீர்கள் என்றாள்

பூச்சியை உடம்பே விரட்ட வேண்டும் என்றால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். எந்தப் பக்கம் போனாலும் கிணறு. டாக்டர்கள் குறைத்துப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள், வெளியூரிலிருந்து ஒரு மருந்தை வரவழைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பேதி கொஞ்சம் மட்டுப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. அது நல்ல சிறுநீரகம்தான், இந்தப் பேதி வராமல் இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்றார்கள்.

நான் லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, ஒரு நிமிடம் கொதிக்க வைத்திருந்தால் போதும் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கித் தலையணையில் விழுந்தது. பிறகு என் சட்டையின் வெள்ளைப் புள்ளி ஒன்றை விரலால் தொட்டாள்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க. அது உங்கள மன்னிக்காது. நான் போயிட்டா உங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்குது.”

“போறேன் கீறேன்னு பேசாத.”

“சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். மறுபடி ரத்தம் கழுவியும் உடம்பு தாங்காமல் ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள். காய்ச்சி ஆற்றிய தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க் நிறைய, கட்டில் பக்கத்தில் இருந்தது.

வேலைக்குத் திரும்பினேன். அதே மூட்டை, அதே வாளி. குளோரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கொல்லக்கூடியதை அது கொன்றுகொண்டுதான் இருக்கிறது. கொல்ல முடியாதது உண்டு என்று அது என்றைக்கும் மறுக்கவில்லை. மறுத்தவன் நான்தான். தெருக்குழாயில் யாராவது, “குடிக்கலாங்களா?” என்று கேட்டால், “காய்ச்சிக் குடிங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். ஜனங்களைப் பயமுறுத்துகிறேன் என்று மேலே புகார் போய், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதவில்லை.

மூன்றாவது கல்லறைத் திருநாள்

கிளாரா அக்காவுக்கு டாக்டர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிட்டது என்ற வார்த்தை. வயிற்றுப்போக்கு, பூச்சி எல்லாம் அதற்குப் பின்னால் வந்த கோளாறு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அக்கா தேங்காய் நாரால் கல்லறையைத் தேய்த்துக் கழுவுவார். நான் தண்ணீர் ஊற்றுவேன். சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியதும் அவர் தன் விலாப்பக்கத்துத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசுவார்.

“மன்னிச்சுக்கடி லூர்து. என்னுது பழசு. ஒனக்கு ஒத்துக்காம போயிடுச்சு.”

முதல் வருடம் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாம் வருடமும் நின்றேன். மூன்றாம் வருடம் அவர் இன்னொன்றும் சொன்னார். “இன்னொருத்தி யாராவது குடுத்துருந்தா நீ இருந்துருப்ப. நான்தான் அவசரப்பட்டு வந்து படுத்தேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அக்கா, உங்க கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

சொல்லிவிட்டேன். தாளில் எழுதியிருந்தது, தண்டபாணி சிரித்தது, நான் காய்ச்ச வேண்டாம் என்றது, மூன்று பங்கு சொட்டு, சிவப்புப் புள்ளி, அந்த ஒரு நிமிடம், எல்லாம். அக்கா ஈரக் கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஜனங்கள் பூ விற்கிறவர்களோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப என்னுது நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுக்கா.”

“டாக்டரே சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதையாவது செய்திருக்கலாம்.

“மூணு வருசம் தம்பி. நான் அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல தண்ணி ஊத்திக்கிட்டு நின்ன.”

“லூர்துதான் சொல்லாதீங்கன்னு...”

“அவ ஒன்ன காப்பாத்திட்டுப் போயிட்டா. எனக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த.”

அக்கா எழுந்து, கழுவிய இடத்தையே மறுபடி கழுவினார். என் கையிலிருந்த வாளியை வாங்கித் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். “நீ கெளம்பு” என்றார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவர் இருக்கும் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சைக்கிளில் பத்து நிமிடம்கூட ஆகாது. பலமுறை போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் நிற்கும். கதவு திறக்காது. நான் திரும்பி நடந்த பிறகு மெஷின் மறுபடி ஓடும்.

கார்டு போட்ட வாசகிக்கு இதுதான் பதில். கல்லறைத் திருநாளுக்கு அக்கா இப்போது காலையிலேயே வந்து போய்விடுகிறார். நான் மாலையில் போகிறேன். கல்லறை கழுவியிருக்கும். பூ வைத்திருக்கும். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.